'அ' என்றால் இல்லை

புனேயில் 1948-ல் தொடங்கிய சமஸ்கிருத அகராதி இன்னும் முதல் எழுத்தைத் தாண்டவில்லை. காரணங்களில் ஒன்று, ஆங்கிலத்தின் 'அன்', 'இன்' இரண்டுக்கும் உடன்பிறந்த ஒரு சின்ன முன்னொட்டு.

புனேயின் எரவாடா பகுதியில், திலகர் படித்த டெக்கான் கல்லூரியின் ஓர் அறையில் இரும்பு அலமாரிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் இழுப்பறைகளில் இருப்பவை துண்டுச் சீட்டுகள். எண்ணிக்கை சுமார் ஒரு கோடி. ஒவ்வொன்றிலும் ஒரு சமஸ்கிருதச் சொல், அது வரும் நூல், இடம், சூழல், உரையாசிரியர் சொன்ன பொருள். மொழியியலாளர் எஸ்.எம். கத்ரே 1948-ல் தொடங்கி வைத்த திட்டம் இது. சுமார் 25 வருஷம் அறிஞர்கள் உட்கார்ந்து ஏறக்குறைய 1,500 நூல்களைப் படித்துச் சீட்டு எழுதினார்கள். வேதம், இலக்கணம், மருத்துவம், கட்டடக் கலை, சமையல், குதிரை வளர்ப்பு என்று எதையும் விடவில்லை.

முதல் தொகுதி ஏ.எம். காட்கேயைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1976-ல் வெளிவந்தது. 2020களின் தொடக்கத்தில் 35 தொகுதிகள் ஆகியிருந்தன. பக்கங்கள் ஆறாயிரத்துக்கு மேல், சொற்கள் சுமார் ஒன்றேகால் லட்சம். இத்தனைக்கும் பிறகு அகராதி நின்ற இடம் 'அ'. நெடுங்கணக்கில் முதல் எழுத்து.

கேட்பவர்கள் சிரிப்பது வழக்கம். அகராதிக்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். இந்தத் தொழிலில் தாமதம் பரம்பரை வியாதி. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்களின் அகராதி 1838-ல் ஆரம்பித்து 1961-ல்தான் முடிந்தது. சகோதரர்களில் மூத்தவரான யாக்கோப் கிரிம் 1863-ல் இறந்தபோது வேலை 'எஃப்' எழுத்தைக் கடக்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் முதல் பகுதி 1884-ல் வந்தது, கடைசிப் பகுதி 1928-ல். அதன் பெரும் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரே இடையில், 1915-ல் காலமாகிவிட்டார். மியூனிக்கில் 1894 முதல் நடந்துவரும் மாபெரும் லத்தீன் அகராதி இன்னும் முடியவில்லை. அங்கே 'என்' எழுத்தைக் கடினம் என்று ஒதுக்கி வைத்துவிட்டு மற்ற எழுத்துகளுக்குப் போனார்கள். பிறகுதான் திரும்பி வந்தார்கள். லத்தீனில் 'இல்லை' என்று சொல்லும் சொற்கள் இருப்பது அந்த எழுத்தில்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் மட்டும் இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. 1913-ல் அலுவலகம் திறந்தது, 1924-ல் முதல் பகுதி வந்தது, 1936-க்குள் ஆறு தொகுதிகள், லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். கடைசிப் பத்து வருஷம் பொறுப்பு வகித்த வையாபுரிப் பிள்ளை கண்டிப்பான மனிதர் என்பது காரணமாக இருக்கலாம். தமிழில் 'அ' அவ்வளவு சுமை சுமப்பதில்லை என்பதும் இன்னொரு காரணம்.

சமஸ்கிருதத்தில் 'அ' ஏன் இப்படி வீங்கியிருக்கிறது? அதி, அதி, அனு, அப, அபி, அவ என்று பல முன்னொட்டுகள் அந்த எழுத்தில் தொடங்குகின்றன. (முதல் இரண்டும் தமிழில் எழுதினால் ஒன்றுபோலத் தெரியும். அதிசயத்தில் இருப்பது ஒன்று, அதிபதியில் இருப்பது வேறு.) அவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவது, வெறும் 'அ' என்ற மறுப்பு முன்னொட்டு. நியாயம் என்ற சொல் இருந்தால் அநியாயம் இருக்கும். சுத்தம் இருந்தால் அசுத்தம். கொள்கையளவில் மொழியிலுள்ள எந்தப் பெயரையும் அதன் நிழலோடு சேர்த்து இரண்டாக்கிவிடலாம். ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்களும் ஆங்கில 'அன்'னோடு இதே பாடுபட்டார்கள். அந்த முன்னொட்டில் ஆரம்பிக்கும் சொற்களுக்கே நூற்றுக்கணக்கான பக்கங்கள் தேவைப்பட்டன.

இரண்டும் ஒரே பாடு என்பது தற்செயல் இல்லை. இரண்டும் ஒரே முன்னொட்டு.

சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே தாயின் பிள்ளைகளாக இருக்க வேண்டும் என்று வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் பேசியது 1786-ல். அதற்குப் பின் வந்த அறிஞர்கள் ஒலி மாற்றங்களை விதிகளாக வகுத்தார்கள். அவர்கள் மீட்டெடுத்த மூல வடிவத்தில் இந்த மறுப்பு முன்னொட்டு உயிரே இல்லாத ஒரு 'ன்'. மெய் தனியாக நின்று அசையாக ஒலித்தது. அதைச் சொல்லச் சிரமப்பட்ட பிள்ளைகள் ஆளுக்கொரு வழி கண்டார்கள். இந்தியாவிலும் கிரேக்கத்திலும் அது 'அ' ஆனது. லத்தீனில் 'இன்' ஆனது. ஆங்கிலத்தின் முன்னோர்கள் 'அன்' என்று இன்று ஒலிக்கும் வடிவத்தைப் பிடித்தார்கள்.

ஆங்கிலம் பிறகு மற்ற இரண்டையும் கடன் வாங்கியது. எனவே இன்றைய ஆங்கிலத்தில் ஒரே முன்னொட்டு மூன்று வேஷத்தில் உலவுகிறது. 'அன்ஹேப்பி' சொந்தப் பிள்ளை. 'இன்விசிபிள்' லத்தீன் வழி. அதே 'இன்' அடுத்த எழுத்துக்கு வளைந்து 'இம்பாஸிபிள்' என்றும் 'இல்லீகல்' என்றும் 'இர்ரெகுலர்' என்றும் மாறும். 'ஏதியிஸ்ட்', 'அனார்க்கி' கிரேக்க வழி. உயிரெழுத்து வந்தால் 'அ' அன் ஆகிவிடுவது கிரேக்கத்திலும் உண்டு, சமஸ்கிருதத்திலும் உண்டு. அ-தர்மம், ஆனால் அன்-ஏகம். அநேகம் என்றால் 'ஒன்று அல்ல' என்பதுதான்.

இந்த உறவு நன்றாகத் தெரியும் இடம் அமுதம். அ-ம்ருதம், சாவில்லாதது. கிரேக்கர்களின் தேவர்கள் உண்ட அம்ப்ரோசியாவும் அதே அ, அதே சாவு. ஆங்கிலத்தில் 'இம்மார்ட்டல்' என்பதும் அதே. பாற்கடலும் ஒலிம்பஸ் மலையும் ஒரே சமையலறை.

டெக்கான் கல்லூரிக்கு முன்பே புனேயில் இந்த முன்னொட்டை ஒருவர் தனியாளாக எதிர்கொண்டார். ஃபெர்குஸன் கல்லூரியின் முதல் முதல்வர் வாமன் சிவராம் ஆப்டே. 1890-ல் அவர் வெளியிட்ட சமஸ்கிருத-ஆங்கில அகராதி இன்றும் மாணவர்கள் மேஜையில் இருக்கிறது. இரண்டு வருஷம் கழித்து, 34 வயதில் இறந்துவிட்டார். அவருடைய அகராதியில் 'அ'வுக்கான பதிவு, லத்தீன் 'இன்', ஆங்கில 'அன்', கிரேக்க 'அ' மூன்றையும் ஒப்புக்குக் காட்டிவிட்டு, பழைய இலக்கணக்காரர்கள் சொன்ன ஆறு பொருள்களுக்குப் போகிறது.

இந்த ஆறையும் தெரிந்துகொண்டால் ஆங்கில முன்னொட்டுகளின் வம்பு பாதி தீரும். முதலாவது, ஒத்திருத்தல். அனிக்ஷு என்றால் கரும்பு அல்லாதது. ஆனால் கல்லும் கட்டையும் அனிக்ஷு ஆகாது. கரும்பு போலத் தோன்றும் நாணல்தான் அனிக்ஷு. போலி என்ற எண்ணம் மறுப்புக்குள்ளேயே இருக்கிறது. இரண்டாவது, இல்லாமை: அஞ்ஞானம். மூன்றாவது, வேறாக இருத்தல்: துணி அல்லாத ஒரு பொருள், குடம் மாதிரி. நான்காவது சுவையானது, குறைவு. 'வயிறில்லாத பெண்' என்றால் சிற்றிடையாள் என்று அர்த்தம். மருத்துவரைக் கூப்பிட வேண்டியதில்லை. தமிழ்க் கவிகளும் இடையை 'இல்லை' என்று சொல்லியே பிழைத்தவர்கள். ஐந்தாவது, தகாமை. அகால மரணம் என்கிறோமே, அங்கே காலம் இல்லாமல் போகவில்லை, தகாத காலமாக இருந்துவிட்டது. ஆறாவது, எதிர்ப்பு: அதர்மம் என்பது தர்மம் இல்லாத வெற்றிடம் அல்ல, தர்மத்தோடு மல்லுக்கு நிற்பது.

பாணினி இந்த முன்னொட்டுக்கு வைத்த பெயர் 'நஞ்'. தமிழ்க் காதில் விழும்போது சற்றுத் திடுக்கிடும். பொருத்தமில்லாமலும் இல்லை.

ஆங்கிலம் இந்த வேறுபாடுகளைப் பல முன்னொட்டுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. ஒழுக்கம் கெட்டவர் 'இம்மாரல்'. ஒழுக்கம் என்ற கேள்வியே எழாத விஷயம் 'ஏமாரல்'. முன்னதில் எதிர்ப்பு, பின்னதில் இல்லாமை. 'நான்-அமெரிக்கன்' என்றால் வேறு நாட்டுக்காரர், குற்றம் ஒன்றும் இல்லை. 'அன்-அமெரிக்கன்' என்றால் அமெரிக்கராகவே இருந்து அந்தப் பெயருக்குத் தகாதவர். 1938-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபை இந்தச் சொல்லைப் பெயரில் தாங்கிய ஒரு குழுவையே அமைத்தது. முன்னொட்டு மாறினால் வேலை போகும் காலமும் இருந்தது.

மராத்திக்காரர்களுக்கோ முன்னொட்டுப் பஞ்சம் கிடையாது. சமஸ்கிருதத்தின் அ, உள்ளூர் 'பின்', அரபியிலிருந்து வந்த 'கைர்', பாரசீகத்திலிருந்து வந்த 'நா' எல்லாம் உண்டு. புனேயில் பரீட்சையில் தோற்ற பையன் 'நாபாஸ்'. ஆங்கில 'பாஸ்' தலையில் பாரசீகக் குல்லாய்.

தமிழ் இந்த ஊர்வலத்தில் கலந்துகொள்ளவில்லை. திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று எல்லிஸ் 1816-லும் கால்டுவெல் 1856-லும் எடுத்துக்காட்டியதற்கு இந்த இடமும் ஒத்துப்போகிறது. தமிழ் மறுப்பைப் பின்னால் வைக்கும்: அறியாமை, கொல்லாமை, வெஃகாமை. குறளின் அதிகாரத் தலைப்புகளில் மட்டும் இப்படி எத்தனை 'ஆமை'கள்! ஆனால் தமிழுக்கு வேறொரு கூர்மை உண்டு. இன்மை வேறு, அன்மை வேறு. 'வீட்டில் பால் இல்லை' என்பதும் 'இது பால் அல்ல' என்பதும் இரண்டு மறுப்புகள். சமஸ்கிருத இலக்கணம் பட்டியல் போட்டுப் பிரித்த இல்லாமையையும் வேறாக இருத்தலையும் தமிழ்க் குழந்தை பேசக் கற்கும்போதே பிரித்துவிடுகிறது. (பத்திரிகைகளில் 'அல்ல' வர வேண்டிய இடத்தில் 'இல்லை' வந்து உட்காருவது வேறு கதை. இந்தப் பக்கத்திலும் தேடினால் கிடைக்கும்.) முன்னால் வைக்கவும் தமிழுக்குத் தெரியாமல் இல்லை. அல் + திணை, அஃறிணை. உயர்திணை அல்லாதது.

கடன் வாங்கிய சொற்களில் மட்டும் சமஸ்கிருத 'அ' தமிழுக்குள் வந்து, பல இடங்களில் அடையாளம் தெரியாமல் குடியேறிவிட்டது. அதிர்ஷ்டம் என்பது அ-த்ருஷ்டம், பார்க்கப்படாதது. செய்த வினைக்கும் விளையும் பலனுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்யும் சக்திக்கு இந்தியத் தத்துவவாதிகள் இட்ட பெயர் அது. அது விதியாகி, விதி நல்ல விதியாகி, கடைசியில் லாட்டரிச் சீட்டில் வந்து நின்றது. அபாரம் என்றால் மறுகரை இல்லாதது. ஆரோக்கியத்துக்குள் நோய் இருக்கிறது: ரோகம், அதன் முன்னால் அ, அதிலிருந்து பிறந்தது ஆரோக்கியம். அவசியம் என்பது வசப்படாதது, தப்பிக்க முடியாதது. அப்படியானால் அநாவசியத்தில் இரண்டு மறுப்புகள் ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன. பிழை திருத்துபவர்கள் அநாதையா அனாதையா என்று மண்டையை உடைத்துக்கொள்வதும் இந்த முன்னொட்டால்தான். அங்கே வெட்ட வேண்டிய இடம் அ + நாதன். அனர்த்தத்தில் வெட்ட வேண்டிய இடம் அன் + அர்த்தம்.

வெட்டத் தெரியாமல் வெட்டினால் புது உலகமே பிறந்துவிடும் என்பதற்கு அசுரர்கள் சாட்சி. ரிக் வேதத்தின் பழைய பகுதிகளில் அசுரன் என்பது வருணன் போன்ற தேவர்களுக்கே உரிய பெருமைப் பட்டம். ஈரானில் அதே சொல் 'அஹுர' ஆகி, பார்ஸிகளின் தெய்வமான அஹுர மஸ்தாவின் பெயரில் இருக்கிறது. பொருள் மாறிக் கெட்டவர்களைக் குறிக்கத் தொடங்கிய பின், யாரோ அதன் முதல் 'அ'வை மறுப்பு என்று நினைத்தார்கள். அசுரன் என்றால் சுரன் அல்லாதவன். அப்படியானால் சுரன் யார்? தேவன். இப்படித்தான் சுரர்கள் பிறந்தார்கள், தவறாகப் பிரித்த ஒரு சொல்லிலிருந்து.

இதே தவறுக்கு ஆங்கிலத்தில் பெட்ரோல் லாரியின் பின்புறம் பார்க்கலாம். 'இன்ஃப்ளேமபிள்' என்ற சொல்லில் உள்ள 'இன்' மறுப்பு இல்லை. 'உள்ளே' என்று பொருள்படும் வேறொரு லத்தீன் 'இன்'. தீப்பிடிக்கக்கூடியது என்பதுதான் பொருள். தீப்பிடிக்காதது என்று யாராவது படித்துத் தொலைத்தால் என்ன ஆவது என்று பயந்து அமெரிக்காவில் தலையை வெட்டி 'ஃப்ளேமபிள்' ஆக்கினார்கள். இந்திய லாரிகளில் பழைய சொல் தொடர்ந்தது.

ஒரு ராஜாவுக்கு இதைவிடப் பெரிய விபத்து நடந்திருக்கிறது. மகாபாரதம் சாந்தி பர்வத்தில் வரும் கதை. வேள்வியில் 'அஜ'த்தைப் பலியிட வேண்டும் என்று விதி. அஜம் என்றால் ஆடு என்றார்கள் தேவர்கள். இல்லை, விதை என்றார்கள் ரிஷிகள். வானத்தில் சஞ்சரிக்கும் உபரிசர வசு என்ற அரசனிடம் தீர்ப்புக் கேட்டார்கள். அவன் தேவர்கள் பக்கம் சாய்ந்து ஆடு என்றான். சாபம் பெற்றுப் பூமிக்குள் விழுந்தான். சமணர்களிடமும் இந்தக் கதை உண்டு. அவர்கள் விளக்கம் இன்னும் கூர்மை: அ-ஜ, முளைக்காதது, முளைக்கும் திறன் போய்விட்ட பழைய தானியம். அகராதியைப் புரட்டினால் இரண்டும் இருக்கும். ஓட்டிச் செல்லப்படும் ஆடு ஒரு சொல், பிறப்பில்லாதவன் என்று தெய்வத்தைக் குறிக்கும் அ-ஜன் வேறொரு சொல். எழுத்தில் வித்தியாசம் கிடையாது. ஒரு முன்னொட்டு இருக்கிறதா இல்லையா என்பதில் ஓர் ஆட்டின் உயிர் தொங்கியது.

அந்தப் பர்வத்தின் ஒப்பிட்டுத் திருத்திய பதிப்பும் புனே வேலைதான். 1917-ல் நிறுவப்பட்ட பண்டார்கர் ஆய்வு நிறுவனம், மகாபாரதப் பதிப்பை 1919-ல் ஆரம்பித்து 1966-ல் முடித்தது. அகராதியோடு ஒப்பிட்டால் வேகம்.

அகராதி ஏன் இன்னும் வேகமாகப் போகக் கூடாது? பதிவு எழுதும் முறையில் விடை இருக்கிறது. ஒரு சொல்லுக்குரிய சீட்டுகளையெல்லாம் எடுத்து நூல்களின் கால வரிசையில் அடுக்க வேண்டும். எந்தப் பொருள் முதலில் வந்தது, எது பின்னால் கிளைத்தது என்று தீர்மானிக்க வேண்டும். மறுப்புச் சொல் என்றால் கூடுதல் வேலை: ஆறில் எந்தப் பொருள்? இந்த நூலில் வரும் 'அஜ' ஆடா, பிறவாதவனா? சீட்டில் ஐம்பது வருஷத்துக்கு முன் ஒருவர் எழுதியது சரிதானா? அதற்கு மூல நூலைத் திறக்க வேண்டும். கணினிக்கென்று தனி மென்பொருளும் எழுத்துருவும் உருவாக்கினார்கள். பழுப்பேறும் சீட்டுகளைப் படமெடுத்துக் காக்கும் வேலையும் தொடங்கியது. ஆனால் தீர்மானிக்க மனிதர்தான் வேண்டும். சமஸ்கிருதமும் மொழியியலும் இரண்டும் தெரிந்து, தன் ஆயுளில் முடிவைப் பார்க்க முடியாத வேலைக்கு வர ஒப்புக்கொள்ளும் மனிதர்.

டெக்கான் கல்லூரியிலிருந்து அதிக தூரம் இல்லை எரவாடா சிறை. இந்த முன்னொட்டு மிக மோசமாகக் கடித்த சொல் பேசப்பட்ட இடம் அது. 1932 செப்டம்பர் 24 அன்று அம்பேத்கரும் இந்துத் தலைவர்களும் கையெழுத்திட்ட புனே ஒப்பந்தம் காந்தியின் உண்ணாவிரதத்தை ஒட்டி இங்கே உருவானது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 11-ல் 'ஹரிஜன்' வார இதழ் புனேயிலிருந்து வெளிவரத் தொடங்கியது. காந்தி அப்போது சிறையில். அவர் தந்த பெயரை அம்பேத்கர் ஏற்கவில்லை, தலித்துகள் பின்னர் முற்றாக நிராகரித்தார்கள். ஆனால் பெயர் தேட வேண்டி வந்ததற்குக் காரணம் முந்தைய சொல். மராத்தியில் அஸ்ப்ருஷ்ய, ஆங்கிலத்தில் 'அன்டச்சபிள்'. அதே அ, அதே அன்.

இரண்டு சொல்லுமே ஒரு தந்திரம் செய்கின்றன. தொட மறுப்பவன் ஒருவன். ஆனால் சொல்லில் அவன் இல்லை. மறுப்பு போய் ஒட்டிக்கொள்வது மற்றவர் உடம்பில், அவருடைய குணம் போல. 'தீண்டத்தகாதவர்' என்ற தமிழ்ச் சொல்லும் அதே குற்றவாளி. 'தீண்டாமை' அப்படி இல்லை. அறியாமை அறியாதவனுடையது, பொறாமை பொறாதவனுடையது. தீண்டாமையும் இலக்கணப்படி தீண்டாதவனுடையது. தமிழகப் பள்ளிப் புத்தகங்களில் அது குற்றம் என்று அச்சிட்டபோது குற்றவாளி யார் என்பதில் இலக்கணத்துக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அரசியல் சாசனத்துக்கு அந்த வசதி இல்லை. 17-வது பிரிவு அந்தச் சொல்லை மேற்கோள் குறிகளுக்குள் நிறுத்தி, அது ஒழிக்கப்பட்டது என்கிறது. எங்கும் அதற்கு விளக்கம் தரவில்லை. 1950களின் பிற்பகுதியில் மைசூர் உயர் நீதிமன்றத்தில் இது கேள்வியாக வந்தது. குறிகளுக்குள் இருப்பதால் சொல்லை அதன் நேர்ப்பொருளில் எடுக்கக் கூடாது, இந்த நாட்டு வரலாற்றில் வளர்ந்த வழக்கத்தைத்தான் அது குறிக்கிறது என்று நீதிமன்றம் கூறியது. இந்தப் பிரிவின் கீழ் 1955-ல் இயற்றிய சட்டத்தின் பெயரிலும் அந்தச் சொல் இருந்தது. 1976-ல் பெயரை மாற்றினார்கள்: குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம். புதிய பெயரில் 'அன்' இல்லை. அதே ஆண்டில்தான் டெக்கான் கல்லூரி அகராதியின் முதல் தொகுதி வெளிவந்தது, 'அ'வில் தொடங்கி.